எழுதுவதற்கு முன் பத்து நிமிடம்

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் லிஸனிங்கில் 8, ரீடிங்கில் 7.5, ஸ்பீக்கிங்கில் 7 வாங்கிவிட்டு ரைட்டிங்கில் மட்டும் 6-இல் நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய மற்ற மூன்று பிரிவுகளிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5 போதும். எழுத்துக்கும் 7 கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2018 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தினார்கள். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பிப்பவர்கள் குறிவைக்கும் சிஎல்பி 9 என்ற நிலைக்கோ எழுத்தில் 7 கட்டாயம். அரை பேண்ட் குறைந்ததால் விசா விண்ணப்பத்தையே தள்ளிப்போட்டவர்கள் ஒவ்வொரு கோச்சிங் சென்டரிலும் உண்டு.

அந்த அரை பேண்டுக்காக அவர்கள் என்ன செய்கிறார்கள்? கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து எடுக்கிறார்கள். இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் திருத்தும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் குறை, முதல் வரியை எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைச் சரிசெய்வதற்காகவே இந்த அத்தியாயம். டாஸ்க் 2 கட்டுரைகளில் வாதக் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அகாடமிக், ஜெனரல் ட்ரெயினிங் இரண்டிலும் டாஸ்க் 2 கட்டுரைதான் என்பதால் யாரும் விட்டுவிட வேண்டியதில்லை.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 20 நிமிடமும் குறைந்தது 150 சொற்களும், டாஸ்க் 2-க்கு 40 நிமிடமும் குறைந்தது 250 சொற்களும் என்று வினாத்தாளே சொல்லிவிடும். டாஸ்க் 2-க்கு டாஸ்க் 1-ஐப் போல இரு மடங்கு மதிப்பு. எதை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். டாஸ்க் 1-இல் ஆழ்ந்துபோய் அரை மணி நேரத்தை இழக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் டாஸ்க் 2-ஐ முதலில் எழுதிவிடுங்கள்.

கட்டுரையை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா என்பது டாஸ்க் ரெஸ்பான்ஸ். கருத்துகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றனவா என்பது கோஹீரன்ஸ் அண்ட் கோஹிஷன். மற்ற இரண்டும் சொல்வளமும் இலக்கணமும். நான்குக்கும் சம மதிப்பு. முதல் இரண்டைக் கூர்ந்து பாருங்கள். மதிப்பெண்ணில் சரிபாதி அவற்றில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பெருமளவு தீர்மானிப்பது நீங்கள் ரஃப் தாளில் போடும் திட்டம். உங்கள் ஆங்கிலத்தை ஒரு மாதத்தில் 6-இலிருந்து 7-க்குத் தூக்குவது கடினம். திட்டமிடும் பழக்கத்தை ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்ள முடியும்.

அதனால் 40 நிமிடத்தில் பத்து நிமிடத்தைத் திட்டத்துக்குக் கொடுங்கள். இருபத்தைந்து நிமிடம் எழுதுங்கள். ஐந்து நிமிடம் படித்துப் பாருங்கள். பத்து நிமிடம் எழுதாமல் உட்கார்ந்திருப்பது பதற்றமாக இருக்கும், பக்கத்து மேசையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும்போது இன்னும் அதிகமாக. இருந்தாலும் உட்காருங்கள். திட்டம் கையில் இருந்தால் 270 சொல் எழுத இருபத்தைந்து நிமிடம் தாராளம். திட்டமில்லாமல் எழுதுகிறவர்தான் மூன்றாவது பத்தியில் பேனாவை வைத்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

வினாவைச் சொல் சொல்லாகப் படிப்பது

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே வினாவை வைத்துக்கொள்வோம். தேர்வில் வரும் வினாக்களின் பாணியில் நானே அமைத்தது:

'நகரங்களில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்கச் சிறந்த வழி, பேருந்துகளையும் ரயில்களையும் எல்லோருக்கும் இலவசமாக்குவதுதான் என்று சிலர் கருதுகிறார்கள். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள்?'

வேகமாகப் படிக்கிறவர் கண்ணில் 'பொதுப் போக்குவரத்து' மட்டும்தான் படும். உடனே அதன் நன்மைகளை எழுதத் தொடங்கிவிடுவார்: மாசு குறையும், பணம் மிச்சம், விபத்து குறையும். வினா கேட்டது அதுவல்ல. வினாவில் மூன்று இடங்களில் கோடு போடுங்கள். முதலாவது, 'நெரிசலைக் குறைக்க'. ஆகவே மாசைப் பற்றியும் ஏழைகளின் செலவைப் பற்றியும் எழுதுவதெல்லாம் நெரிசலோடு தொடர்புபட்டால்தான் செல்லும். இரண்டாவது, 'சிறந்த வழி'. இலவசம் நல்லது என்று காட்டினால் போதாது. மற்ற வழிகளைவிடச் சிறந்ததா என்று ஒப்பிட வேண்டும். மூன்றாவது, 'எல்லோருக்கும்'. மாணவர்களுக்கோ முதியோருக்கோ மட்டும் இலவசம் என்பது வேறு கொள்கை.

வினாக்களை அமைப்பவர்கள் 'எல்லோரும்', 'மட்டுமே', 'சிறந்த', 'முழுக்க' போன்ற சொற்களை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். விவாதத்துக்கு இடம் இருப்பதே அந்தச் சொற்களில்தான். அவற்றைத் தொடாமல் எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் எழுதினாலும், வினாவின் ஒரு பகுதிக்குத்தான் பதில் சொன்னதாக ஆகும்.

கடைசி வரியையும் கவனியுங்கள். 'டு வாட் எக்ஸ்டென்ட் டு யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ' என்றால் உங்கள் நிலைப்பாடும் அதற்கான காரணங்களும் வேண்டும். 'டிஸ்கஸ் போத் வியூஸ் அண்ட் கிவ் யுவர் ஓன் ஒபினியன்' என்றால் இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்து உங்கள் கருத்தையும் சொல்ல வேண்டும். கருத்தை விட்டுவிட்டால் பெரிய இழப்பு. நன்மைகள் தீமைகளை விஞ்சுகின்றனவா என்று கேட்டால் இரண்டையும் பட்டியலிடுவதோடு நிறுத்தக் கூடாது, எது கனமானது, ஏன் என்று சொல்ல வேண்டும். மூன்றுக்கும் ஒரே அச்சில் கட்டுரை வார்க்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தீர்ப்பு முதலில்

நம் பள்ளிக் கட்டுரைகளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகியிருக்கிறோம். முன்னுரையில் விஷயத்தைப் பொதுவாக அறிமுகப்படுத்துவோம், கருத்தை முடிவுரைக்கு வைத்துக்கொள்வோம். பட்டிமன்றமும் நமக்கு அதையே பழக்கியிருக்கிறது: இரண்டு அணியும் பேசி முடிக்கும்வரை நடுவர் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொள்ள மாட்டார். இந்தத் தேர்வில் நீங்கள் நடுவர்தான், ஆனால் தீர்ப்பை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, ஏன் அந்தத் தீர்ப்பு என்று விளக்குகிற நடுவர். கட்டுரை முழுவதும் ஒரே நிலைப்பாடு தெளிவாகத் தெரிய வேண்டும்.

உங்கள் கருத்து சரியா தவறா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. இலவசப் பேருந்தை ஆதரித்தும் 8 வாங்கலாம், எதிர்த்தும் வாங்கலாம். ஆகவே மனசாட்சிப்படி எந்தப் பக்கம் என்று யோசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். எந்தப் பக்கத்துக்கு உங்களிடம் இரண்டு நல்ல காரணங்களும், அவற்றுக்குச் சொல்ல உண்மையான உதாரணங்களும் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் நில்லுங்கள். ஓரளவு ஏற்கிறேன் என்பதும் ஏற்கத்தக்க நிலைப்பாடுதான். ஆனால் எந்த அளவு, எதில் ஏற்பு, எதில் மறுப்பு என்று சொல்ல முடிந்தால் மட்டும் அதை எடுங்கள். 'இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நிலைப்பாடு ஆகாது.

ரஃப் தாளில் என்ன எழுதுவது

நான் எடுத்துக்கொண்ட வினாவுக்குத் திட்டம் இப்படி இருக்கும். இதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ எழுதலாம். ரஃப் தாளை யாரும் மதிப்பிடுவதில்லை. கருத்து தமிழில் வேகமாகத் தோன்றும் என்றால் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியங்களை மட்டும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மொழிபெயர்க்காதீர்கள்.

நிலை: பெரும்பாலும் மறுக்கிறேன்.

காரணம் 1: காரில் போகிறவரைத் தடுப்பது கட்டணம் அல்ல, காத்திருப்பு. உதாரணம் தாலின்.

காரணம் 2: நெரிசலைக் குறைக்க இதைவிட வலுவான வழி உண்டு. காருக்குக் கட்டணம், அந்தப் பணத்தில் கூடுதல் பேருந்து. உதாரணம் சிங்கப்பூர் 1975.

ஒப்புக்கொள்வது: சில பிரிவினருக்கு இலவசம் நல்லதுதான், தமிழ்நாடு 2021, ஆனால் அதன் நோக்கம் வேறு.

ஒவ்வொன்றிலும் ஒரு கருத்து, ஒரு காரணம், ஒரு உதாரணம். அதற்குமேல் ஒரு சொல்கூட இல்லை என்பதைப் பாருங்கள். இதை எழுத மூன்று நிமிடம் போதும். மீதி ஏழு நிமிடம் இது எப்படி வந்தது என்பதற்கு.

முதலில் மனதில் வந்ததையெல்லாம் குறித்தேன்: மாசு, ஏழைகள், அரசுக்கு நஷ்டம், கூட்டம், சிங்கப்பூர், நம் ஊர் மகளிர் பேருந்து, மெட்ரோ. பிறகு ஒவ்வொன்றையும் 'இது நெரிசலைப் பற்றிப் பேசுகிறதா?' என்று கேட்டு அடித்தேன். மாசு போயிற்று. அரசுக்கு நஷ்டம் தனியாக நிற்காது. ஆனால் அந்தப் பணம் கூடுதல் பேருந்துக்குப் போயிருக்கும் என்று சொன்னால் நெரிசலோடு சேர்கிறது. மகளிர் இலவசப் பயணம் என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றியது. அதைத் தூக்கி எறியாமல் ஒப்புக்கொள்ளும் இடத்தில் வைத்தேன். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு அதற்கும் பதில் வைத்திருக்கிறவரின் கட்டுரைக்கு எப்போதுமே கனம் கூடும்.

ஏன் மூன்று காரணம் வேண்டாம், இரண்டு போதும் என்கிறேன்? இடம் போதாது. 270 சொல்லில் முன்னுரைக்கு 45, முடிவுரைக்கு 35 என்று ஒதுக்கினால் நடுவில் இருப்பது ஏறத்தாழ 190. அதை இரண்டால் வகுத்தால் பத்திக்கு 95 சொல். ஒரு கருத்தை விளக்கி உதாரணம் சொல்லி முடிக்கச் சரியாக இருக்கும். மூன்றால் வகுத்தால் எதையும் விளக்க முடியாது.

பத்தி கட்டுவது

கீழே இருப்பது வழக்கமான 5.5, 6 கட்டுரைகளில் நான் பார்க்கும் பத்தி. ஆங்கிலத்தில் எழுதுவதை இங்கே தமிழில் தருகிறேன். வாக்கியங்களின் வரிசையை மட்டும் பாருங்கள்.

'பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கினால் பல நன்மைகள் உண்டு. முதலாவதாக, நெரிசல் குறையும். இரண்டாவதாக, காற்று மாசு குறையும். மேலும், ஏழைகளுக்குப் பணம் மிச்சமாகும். அதுமட்டுமல்லாமல், விபத்துகளும் குறையும். எனவே அரசு இதில் கவனம் செலுத்த வேண்டும்.'

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் படிக்கிறவர் 'எப்படி?' என்று கேட்கிறார், பதில் வருவதில்லை. நெரிசல் குறையும் என்பதுதான் வினாவே. அதைத் திரும்பச் சொல்வது பதில் ஆகாது. இனி, திட்டத்தின் காரணம் 1-ஐப் பத்தியாக எழுதிப் பார்ப்போம்.

'காரில் வேலைக்குப் போகிறவர் பேருந்தைத் தவிர்ப்பதற்குக் கட்டணம் காரணமாக இருப்பது அரிது. பெட்ரோலுக்கும் பார்க்கிங்குக்கும் அவர் ஏற்கெனவே டிக்கெட்டைவிடப் பல மடங்கு செலவழிக்கிறார். அவரைத் தடுப்பது, நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாததும், இறங்கிய பிறகு அலுவலகம்வரை நடக்க வேண்டியிருப்பதும்தான். ஆகவே டிக்கெட்டை இலவசமாக்கினாலும் அவர் காரை வீட்டில் விட்டுவிட்டு வரமாட்டார். எஸ்டோனியாவின் தலைநகரான தாலின் 2013-இல் நகரவாசிகளுக்குப் பேருந்துகளை இலவசமாக்கியபோது, புதிதாக ஏறியவர்களில் பலர் முன்பு நடந்து போனவர்கள். சாலையில் கார்கள் குறையாதவரை நெரிசலும் குறையாது.'

முதல் வாக்கியம் கருத்து. இரண்டாவதும் மூன்றாவதும் 'எப்படி?' என்ற கேள்விக்குப் பதில். நான்காவது அதிலிருந்து வரும் விளைவு. ஐந்தாவது உதாரணம். ஆறாவது வாக்கியம் பத்தியை மறுபடி வினாவின் சொல்லான நெரிசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. 'முதலாவதாக', 'மேலும்' எதுவும் இல்லாமலே வாக்கியங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதில் எழும் கேள்விக்குப் பதில். இரண்டாம் வாக்கியத்தில் 'அவர்' என்று வருகிறதே, அதுவே ஓர் இணைப்பு.

ஒப்புக்கொள்ளும் இடம் இரண்டாவது பத்தியின் தொடக்கம். 'தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் பயணிக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி என்பது உண்மை. ஆனால் அது குடும்பச் செலவைக் குறைக்கும் திட்டம், சாலையில் கார்களைக் குறைக்கும் திட்டம் அல்ல.' இரண்டு வாக்கியத்தில் எதிர்த்தரப்புக்கு மரியாதை கொடுத்தாயிற்று, அந்த உதாரணம் ஏன் இங்கே பொருந்தாது என்றும் சொல்லியாயிற்று. அடுத்து சிங்கப்பூர்: 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு அங்கே கட்டணம் விதித்தார்கள், நெரிசலை நேரடியாகத் தொடும் வழி அது. அந்தக் கட்டணத்தைக் கொண்டு பேருந்துகளைக் கூட்டலாம் என்று முடித்தால் பத்தி நிறைந்துவிடும்.

இதே வினாவை ஆதரித்து எழுத நினைக்கிறவருக்கும் உதாரணம் இருக்கிறது. லக்ஸம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கியது; ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டும் கட்டணம். கவனம் தேவை: ஐரோப்பாவில் மக்கள்தொகைக்கு ஏற்பக் கார்கள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அதைக் கேட்பவருக்கு என்ன சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

உதாரணம் எங்கிருந்து

இதைச் சொல்லும்போது மாணவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். 'தாலின் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாதே, சார்' என்பார்கள். தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வினாவின் அடியில் எப்போதும் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: உங்கள் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ பொருத்தமான உதாரணங்களைத் தரலாம் என்று. அதைப் படித்தும் நம்பாமல், கேட்டறியாத பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வு செய்து, 85 சதவீதம் பேர் அதை ஏற்பதாகக் கண்டறிந்தது என்று எழுதுகிறார்கள். இதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். முதலாவது, அது பொய். அதோடு, அப்படிப்பட்ட வரியில் எதுவும் இருக்காது. யார், எங்கே, என்ன ஆயிற்று என்று ஒரு விவரமும் இல்லாத புள்ளிவிவரம் கருத்தைத் தாங்காது.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குக் காரில் வருகிற ஒருவர் ஏன் பேருந்தில் வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். மதுரையில் பள்ளி விடும் நேரத்தில் சாலையில் என்ன நடக்கிறது என்று தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறவருக்கு அங்குள்ள மினி பஸ் நிலவரம் தெரியும். அவைதான் உதாரணம். ஊர்ப் பெயரோடு, என்ன நடக்கிறது, அதனால் என்ன விளைவு என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் அது எந்த வெளிநாட்டு ஆய்வுக்கும் குறைந்ததல்ல. என் நண்பர் ஒருவர், என் அத்தை மகன் என்று நீண்ட கதையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

முன்னுரை, முடிவுரை

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. முன்னுரையில் இரண்டு வாக்கியம். ஒன்றில் வினாவை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். வினாவிலிருந்து அப்படியே எடுத்த வரிகள் உங்கள் எழுத்தாகக் கணக்கில் வராது. மற்றொன்றில் உங்கள் நிலைப்பாடும் இரண்டு காரணங்களின் சாயலும். முடிவுரையில் அதே நிலைப்பாட்டை வேறு சொற்களில். புதிய கருத்து அங்கே வரக் கூடாது. நேரம் தீர்ந்துகொண்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் முடியுங்கள், ஆனால் முடியுங்கள்.

மனப்பாடம் பற்றி

'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வு நடத்துபவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் படிக்கிறார்கள். 'எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்' என்பதும் அப்படித்தான். இவற்றை டெம்ப்ளேட்டாக விற்கும் வகுப்புகள் இருக்கின்றன, விட்டுவிடுங்கள். இப்படித் தயாராக வைத்திருக்கும் வரிகளைத் திருத்துபவர்கள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள், அவற்றுக்கு மதிப்பில்லை. ஒரு விடை முழுவதுமே மனப்பாடம் என்று உறுதியானால் பேண்ட் 0 என்று விதியிலேயே இருக்கிறது.

இணைப்புச் சொற்களும் இதே கதைதான். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் அடிஷன்' என்று தொடங்கினால் கோஹிஷன் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். மதிப்பீட்டு விளக்கத்தில் பேண்ட் 6-க்கு எழுதியிருப்பதே, இணைப்புகள் இயந்திரத்தனமாக இருக்கலாம் என்பதுதான். சொற்களிலும் அரிய சொல்லைவிடச் சரியான கூட்டணியே முக்கியம். நெரிசலுக்கு 'ரெட்யூஸ் கன்ஜெஷன்', 'ஈஸ் கன்ஜெஷன்' என்று எழுதலாம். 'எராடிகேட்' நோய்க்குப் பொருந்தும், நெரிசலுக்கு ஒட்டாது.

கடைசி ஐந்து நிமிடம்

கணினித் தேர்வில் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், வரிகளை இடம் மாற்றலாம். ஆனால் ஸ்பெல்லிங் திருத்தும் வசதி இருக்காது. காகிதத்தில் எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வரும் என்று முன்பே கணக்கு வைத்திருப்பது நல்லது. தேர்வறையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாப் பிழையையும் தேடாதீர்கள், உங்கள் பிழைகளைத் தேடுங்கள். தமிழ் பேசுகிறவர்களின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருபவை சில. 'அ', 'த' என்ற ஆர்ட்டிகிள்கள் விடுபடுவது முதல் இடம். தமிழில் அவை இல்லாததால் நம் காதுக்குக் குறை தெரிவதில்லை. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வருவது அடுத்தது. 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்யூப்மென்ட்ஸ்', 'ட்ராஃபிக்ஸ்' என்று பன்மை சேர்ப்பது, 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவது, 'ஹி கோ' என்று எஸ் இல்லாமல் விடுவது. உங்கள் பழைய கட்டுரைகளில் எது அதிகம் வருகிறதோ அந்த இரண்டை மட்டும் மனதில் வைத்து, அதற்காகவே ஒருமுறை படியுங்கள். பேண்ட் 7-க்குப் பிழையே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வந்தால் போதும். நீண்ட வாக்கியம் சிக்கினால் இரண்டாக உடையுங்கள்.

வீட்டில் பழகுவது

தினமும் ஒரு முழுக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு அது நடவாத காரியம். மூன்றாம் நாள் விட்டுவிடுவார். அதற்குப் பதிலாகத் தினமும் ஒரு வினாவுக்குத் திட்டம் மட்டும் போடுங்கள், பத்து நிமிடம் கடிகாரம் வைத்து. வாரத்துக்கு இரண்டு திட்டங்களை மட்டும் முழுக் கட்டுரையாக்குங்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நூல்களின் பின்பக்கத்தில் மாணவர்கள் எழுதிய விடைகள் அவர்கள் பெற்ற பேண்டோடும் திருத்துநரின் குறிப்போடும் இருக்கும். மாதிரி விடையை உருப்போடுவதைவிட அந்தக் குறிப்புகளைப் படிப்பது அதிகம் கற்றுத்தரும். ஒரு விடையைப் படித்துவிட்டு, அதை எழுதியவரின் ரஃப் தாளில் என்ன இருந்திருக்கும் என்று பின்னோக்கி எழுதிப் பாருங்கள். சில விடைகளுக்கு அந்தத் தாள் காலியாக இருந்திருக்கும் என்று தெரிந்துவிடும்.

செய்தித்தாளின் தலையங்கத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம், தமிழானாலும் ஆங்கிலமானாலும். நிலைப்பாடு எந்த வரியில் இருக்கிறது, எத்தனை காரணம், எதிர்த்தரப்பை எங்கே ஒப்புக்கொள்கிறார் என்று பென்சிலால் குறியுங்கள்.

இன்று போட வேண்டிய திட்டத்துக்கு ஒரு வினா: 'குழந்தைகள் நல்லபடி வளரச் சிறந்த வழி, பள்ளி வயது முழுவதும் கைப்பேசியை அவர்களிடம் தராமலே இருப்பதுதான் என்று சிலர் கருதுகிறார்கள். நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?' கோடு போட வேண்டிய இடங்கள் 'சிறந்த வழி', 'பள்ளி வயது முழுவதும்', 'தராமலே'. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதில் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே விதி பொருந்துமா என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தெருவிலேயே உதாரணம் இருக்கும். கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.